கடைசி ரோமச் சக்கரவர்த்தியின் தகப்பன்

எங்கள் வரலாற்றுப் பேராசிரியரின் குரல் எனக்கு வழக்கமாகத் தாலாட்டு. இன்றைக்குத் திரையில் ஒரு தங்க நாணயத்தைக் காட்டினார். அதில் ரோமுலஸ் அகஸ்டுலஸ், மேற்கு ரோமின் கடைசிச் சக்கரவர்த்தி, சின்னப் பொடியன். தூக்கம் போய்விட்டது. புலம்பெயர்ந்து வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நானும் அம்மாவும் இருந்த உயர்மாடி வீட்டின் மீன்பொரியல் மணம் மூக்கில் ஏறியது.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் வகுப்பின் முன்னால் நின்று பேச எனக்குக் கிடைத்த ராசா இவன்தான். சண்டை நடந்த வன்னியில் இருந்த அப்பாவிடமிருந்து ஒரு மாதமாகச் செய்தி இல்லை. அம்மா டெலிபோனைப் பார்த்தபடியே மீன் பொரித்தார். நான் பக்கத்தில் நின்று பாடமாக்கினேன்: தகப்பன் மகனை அரியணையில் ஏற்றினான், எதிரிகள் தகப்பனைக் கொன்றார்கள், மகனுக்கு இரங்கிக் கடற்கரை மாளிகைக்கு அனுப்பினார்கள்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "வீட்டுக்குள்ள நிண்டு உந்தக் கதையைச் சொல்லாதை. வேற ராசா இல்லையே உனக்கு?"

"ரீச்சர் தந்தது அம்மா."

"அப்ப தகப்பன்ர கதையை விட்டிட்டுச் சொல்லு."

அடுத்த நாள் டெலிபோன் அடித்தது. இரைச்சலுக்குள் அப்பாவின் குரல். கொழும்புக்கு வந்துவிட்டாராம். அம்மா டெலிபோனை என்னிடம் தந்தார். என்ன படிக்கிறாய் என்று அப்பா கேட்க, ராசாவைப் பற்றிச் சொன்னேன்.

"கடைசியில அவனுக்கு என்ன நடந்தது?"

"கடற்கரை மாளிகைக்கு அனுப்பிட்டினம்."

"தகப்பனோடைதானே?"

அம்மா என்னையே பார்த்தார்.

"ஓம் அப்பா."

இன்றைக்கு வகுப்பில் பேராசிரியர் தகப்பனின் கொலைக்கு வந்தபோது எழுந்து வெளியே போனேன். பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு அப்பா வந்து சேர்ந்த பிறகு நாங்கள் குடிபோன பிக்கரிங் வீட்டுக்கு அடித்தேன். மணி கனநேரம் அடித்த பிறகுதான் அப்பா எடுத்தார்.

"என்னடா, வகுப்பு இல்லையே?"

"இருக்கு அப்பா. சும்மா எடுத்தனான்."