மூன்று முறை பார்த்த பெயர்கள்

"உன் லிஸ்ட்டு வர்றதுக்குள்ள பஸ்ஸு புக்கிட் மெர்தாஜாம் போயிட்டுத் திரும்பியே வந்துரும்லா, தங்கச்சி," என்றார், பிறை நகரில் எங்கள் தொழிற்சாலை பஸ்களைக் கவனித்துவந்த அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

யார் யாருக்கு ஓவர்டைம் என்பதைப் பொறுத்து, யார் எந்த பஸ்ஸில் வீடு போவார்கள் என்பது தினமும் மாறும். அந்தப் பட்டியலை அச்சிட நான் எழுதிய நிரலுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பட்டியலைப் பழையபடி கையால் எழுதுவார்கள். நான் பழையபடி பாகங்கள் பொருத்தும் வரிசைக்குப் போவேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த வரிசையிலிருந்து கணினி அறைக்கு வந்த முதல் பெண்ணும் நான்தான். திரும்பிப் போக மனமில்லை.

வியாழன் மாலை, வீடு திரும்பும் ஃபெரிப் படகில் நிரலின் அச்சுப்பிரதியை மடியில் விரித்து, நானே கணினியாக இருந்து பார்த்தேன். முதல் பெயர்: பஸ் வழிகள் உள்ள கோப்பைத் திற, முழுக்கப் படி, மூடு. இரண்டாம் பெயருக்கும் அதே பஸ்தான். மறுபடியும் திற, படி, மூடு. முந்நூறு பேருக்கும் இப்படியே. போதாததற்கு ஒவ்வொரு பெயரையும் உள்ளே வாங்கும்போது ஒருமுறை, அடுக்கும்போது ஒருமுறை, அச்சிடும்போது ஒருமுறை சரிபார்த்திருந்தேன். நடுவில் பெயர் மாற வழியே இல்லை; பின்னிரண்டும் வீண்.

வீட்டுக்கு வரும் கடிதத்தையும் நான் அப்படித்தான் படிப்பேன். அப்பாவுக்கு ஒருமுறை, "இன்னொரு தடவ படிம்மா" என்பார், மறுமுறை, அடுப்படியிலிருந்து அம்மா வந்ததும் மூன்றாம் முறை. நான் தப்பாகப் படித்தால் திருத்த அந்த வீட்டில் ஆளில்லை. அந்தப் பயம் நிரலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை, கோப்பை ஒரே முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். சரிபார்ப்பைப் பெயர் உள்ளே வரும் இடத்தோடு நிறுத்தினேன். மற்ற இரண்டையும் அழித்தேன்.

பிற்பகலில் அண்ணன் தேநீரைக் குடித்து முடிக்குமுன் பட்டியல் வந்துவிட்டது.

"என்னா தங்கச்சி, பாதிப் பேர விட்டுட்டியா?"

"எண்ணிப் பாருங்கண்ணே."

விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். சிம்பாங் அம்பாட் பஸ்ஸின் கடைசிப் பெயர் வரை சரியாக இருந்தது.

"சரி, இனி உன் லிஸ்ட்டுதான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலைக்கு வர்ற நேரம் பதியுற பஞ்ச் கார்டு புரோகிராமும் இப்படித்தான் ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கு. அதையும் பாக்கிறியா?"

அதன் அச்சுப்பிரதியை மதியச் சாப்பாட்டு வேளையிலேயே கேட்டு வாங்கி, முதல் மூன்று பக்கங்களில் வேண்டாத வரிகளுக்குக் கோடு போட்டிருந்தேன்.