சேவியர் பேரில் ஒரு கொடி

பேய்க்கதை யார் சொன்னாலும் முதலில் கலாய்க்கிறவன் நான்தான். ஆனால் இது பட்டப்பகலில், ஏசி ரூமில், என் கண்ணெதிரே நடந்தது, நீங்கள் சிரித்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நானும் ராயபுரத்து சேவியரும் புரோகிராம் எழுதினோம். பெட்டிகள் அடுக்கிய ஒவ்வொரு வரிசைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். அதில் ஒருத்தர் ‘இங்கே ஆள் வேலை செய்கிறான்’ என்று எழுதுகிற அதே நொடியில் இன்னொருத்தர் ‘இங்கே பெட்டியை இறக்கு’ என்று எழுதினால் முதல் வரி அழிந்துபோகும், அப்புறம் கீழே நிற்கிறவன் கதி அவ்வளவுதான்.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. வரிசை முனையில் ஒரே ஒரு சிவப்புக் கொடி இருக்கும், அதை எடுத்தவன்தான் உள்ளே போகலாம். சேவியர் அதையே ஃபைலுக்கும் கொண்டுவந்தான். எழுதுகிறவர் பேரில் ‘கொடி’ என்று ஒரு குட்டி ஃபைல் உருவாகும், அது இருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கணும்.

“கொடி கீதான்னு பாத்துகினு நிக்காத மாமு. நேரா கைய வை. வந்தா உன்து, வரலன்னா நில்லு” என்பான்.

மேனேஜர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

காமாலையில் அவன் போய்ச் சேர்ந்த பிறகும் எதற்கெடுத்தாலும் ‘சேவியர் இருந்திருந்தா’ என்றே பேச்சு. செத்தவன்மேல் பொறாமைப்பட்ட ஜென்மம் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவன் எழுதியதைத் தூக்கிவிட்டு என்னுடையதைப் போட்டேன். அது கொடி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் உருவாக்கும். பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் இன்னொருத்தர் நுழையலாம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே ரெண்டு பேர் ஒரே ஃபைலில் ஒன்றாக எழுதப் போனார்கள். வெல்டர் முனுசாமி உள்ளே இருந்த வரிசை அது. நம்பினால் நம்புங்கள், ரெண்டு ஸ்கிரீனும் அப்படியே நின்றுவிட்டன, கிரேனுக்கு உத்தரவே போகவில்லை. கொடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே சேவியர் பேர். அவன் லாகினை அழித்தவனே நான், அவன் கம்ப்யூட்டர் பிளக் பிடுங்கி மூலையில் கிடந்தது. கொடியை அழித்தேன், வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. முனுசாமி வெளியே வந்து தண்ணீர் குடித்தபோது அது தானாகவே மறைந்தது.

என் புரோகிராம்தான் தடுத்தது என்று நினைத்து மேனேஜர் முதுகில் தட்டினார். “சேவியர்கூட இப்டி எழுதிருக்க மாட்டான்பா” என்றார். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை, கேட்டதும் சந்தோஷமே வரவில்லை.

சாயந்திரமே அவன் எழுதியதைத் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போதும் நான் எதையாவது சேவ் பண்ணினால் ஒரு கணம் நிற்கிறது. திறந்து பார்த்தால் கொடி அவன் பேரில் இருக்கிறது. ஆபீஸில் வேறு யாருக்கும் அப்படி நிற்பதில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.