டாப் கியரில் ராஜபாளையம்

காலை 9.25. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்ற வாடகைக் கார், எட்டாவது ஆள் ஏறிய பிறகுதான் புறப்பட்டது. 1981 ஜூன், ஒரு திங்கட்கிழமை. ராஜபாளையம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஆளுக்கு ஐந்து ரூபாய். பேருந்து எனக்கு முன்னாலேயே போய்விட்டதால் இதில் ஏறினேன். முன்னால் மூன்று பேர்: ஓட்டுநர் இசக்கி, நடுவில் மதுரையிலிருந்து வந்திருந்த நான், ஜன்னலோரம் காரின் உரிமையாளர். வெள்ளைச் சட்டை, விரலில் பெரிய மோதிரம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்.

பின்னால் ஐந்து பேர். அதில் ஒரு பெண் குருவிகுளத்திலிருந்து தகப்பனாருடன் வந்தவள், பெயர் பேச்சியம்மாள். மடியில் ஒரு கடிதத்தை விரித்து வைத்திருந்தாள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தட்டச்சுத் தேர்வு. பத்தரைக்குப் பிறகு வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று அதில் அடிக்கோடிட்டிருந்தது.

"அண்ணாச்சி, பத்தரைக்குக் கதவ அடைச்சிருவாவ" என்றாள்.

"பத்தேகாலுக்கு இறக்கிவிடுதேன் தாயி. சும்மா இரி."

ஊர் எல்லை தாண்டியதும் இசக்கி டாப் கியர், அதாவது கடைசியான நான்காவது கியர், போட்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இனி ராஜபாளையத்துலதான் கியர் கம்பியத் தொடணும். கியர் மாத்தாம யாரு வண்டி போவுதுன்னு ஸ்டாண்டுல எல்லா மொதலாளியும் பந்தயம் கட்டுவோம். நம்ம வண்டி இதுவரைக்கும் தோத்ததில்ல. டீசல் எஞ்சின்லா! நடக்குற வேகத்துலயும் டாப்புல இழுக்கும்."

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய பழைய கார் அது. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் நன்றாக இழுக்கும். நின்றுவிடாமல் இழுப்பது வேறு, வேகம் பிடிப்பது வேறு என்பதுதான் அவருக்குப் பிடிபடாத மறுபாதி.

9.50. கரிவலம்வந்தநல்லூர். கடைத்தெருவில் மாட்டுவண்டிகள். வேகம் இருபதுக்கு இறங்கியது. கியர் டாப்பிலேயே இருந்தது. எஞ்சின் இடித்தது, கதவுக் கைப்பிடி வரை அதிர்ந்தது. ஊரைத் தாண்டியதும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இருபதிலிருந்து நாற்பதைத் தொட இருபத்தைந்து விநாடி ஆயிற்று. சைக்கிளில் வந்த ஒருவர் சிறிது தூரம் எங்களுடனேயே வந்தார்.

காரணம் எளிது. டாப் கியரில் எஞ்சினின் திருகு விசை கூடாமல் குறையாமல் அப்படியே பின்னச்சுக்குப் போகிறது. மூன்றாவது கியரில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் போகிறது. கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் உள்ள வேறுபாடு. குதிரைச் சக்தி என்பது விசையும் சுழற்சியும் சேர்ந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது கிடைக்காது. எவ்வளவு மிதித்தாலும் கரும்புகைதான் வரும்.

9.58. எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். அதன் பின்னால் ஊர்ந்தோம்.

"ஏலே, ஏறிப் போலே" என்றார் அண்ணாச்சி.

இசக்கியின் கை கியர் கம்பிக்குப் போனது.

"கைய எடு! ரெண்டு மாசமா கெலிச்சிக்கிட்டு வாரோம், இன்னைக்குக் கெடுக்கப் போறியா?"

இசக்கி கையை எடுத்தார். கார் வலப்பக்கம் ஏறியது. டிராக்டரின் பின்சக்கரத்துக்கு நேராக வந்தோம். அங்கேயே நின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். மிதியைத் தரைவரை அழுத்தியும் வேகம் காட்டும் முள் நகரவில்லை. எதிரே லாரி வந்தது. முந்த வலுவில்லை. பின்வாங்க நேரமில்லை. இசக்கி வலப்பக்க மண்ணில் இறக்கினார். லாரி எங்களுக்கும் டிராக்டருக்கும் நடுவில் போயிற்று. கார் கரிசல் காட்டுக்குள் குலுங்கி நின்று, எஞ்சின் அணைந்தது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "ஹாரன் அடிக்காம ஏறுனா இப்படித்தான்."

பேச்சியம்மாள் கசங்கிய கடிதத்தை விரல்களால் நீவினாள். அந்த விரல்களால்தான் அவள் இன்னும் அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். "அண்ணே, இந்த வண்டி இம்புட்டுத்தான் போவுமா?" என்று இசக்கியிடம் கேட்டாள்.

"போவும்மா. மொதலாளி விட்டாத்தான."

எனக்குப் பொறுக்கவில்லை. "மூன்றாவது கியர் போட்டிருந்தால் லாரி வருவதற்குள் தாண்டியிருப்போம்" என்றேன்.

"நீரு என்னவே பேசுதீரு? வண்டிக்கு டீசல் நீரா ஊத்துதீரு?"

எட்டு உயிருக்கு அவர் வைத்திருந்த கணக்கு அதுதான்.

10.06. இசக்கி எஞ்சினைக் கிளப்பினார். யாரையும் பார்க்கவில்லை. முதல், இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கியரிலும் எஞ்சினை முழுக்கச் சுற்றவிட்டு மாற்றினார். முன்னால் போன அந்த டிராக்டரை மீண்டும் எட்டினோம். மூன்றாவதுக்கு இறக்கி, ஒரே மூச்சில் தாண்டினார். இருபதிலிருந்து நாற்பதுக்குப் பதின்மூன்று விநாடி. அதே எஞ்சின், அதே எட்டு பேர், அதே சாலை.

"எஞ்சின் அலறுதுலே! நிறுத்துலே!"

"அலறட்டும் அண்ணாச்சி. அந்தப் பிள்ள பரீச்சை எழுதணும்."

10.27. நூற்பாலை வாசல். பேச்சியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். காவலாளி அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். தகப்பனார் வெளியே நின்று இசக்கியை நோக்கிக் கும்பிட்டார்.

அண்ணாச்சி என் மேல் சாய்ந்து கையை நீட்டிச் சாவியை உருவினார். "நாளையிலருந்து நீ வராண்டாம்."

"நாளைக்கு என்ன, இப்பவே போறேன்" என்று இசக்கி இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

எங்கள் மதுரையிலும் வண்டி முதலாளிகள் இப்படித்தான். ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பழியை மட்டும் அவன் தலையில் வைப்பார்கள். ஆனால் இந்த மனிதர் ஓட்டுநர் இருக்கைக்கு நகரவே இல்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு சாலையின் இரு பக்கமும் பார்த்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கியரப் பத்தி அம்புட்டு பேசினீரே, உமக்கு வண்டி ஓட்டத் தெரியுமாவே?"

"நன்றாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கி இசக்கியின் பின்னால் நடந்தேன்.