கூரை போட்ட மைதானம்

மாஸ்கோவில் கூரை போட்ட மைதானம் ஒன்றின் வண்ணப்படத்தைச் சோவியத் பத்திரிகையிலிருந்து கிழித்து, ராஜபாளையத்தில் எங்கள் மில் வாலிபால் டீம் அறையில் ஒட்டியிருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோடு மேட்ச் அன்று மழை பிடித்துக்கொண்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் படத்துக்குமாக நடந்தேன். அந்தக் கூரையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மழை விட்டதும் பொறுக்காமல், மில்லில் மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சை மூட்டையாக அள்ளிவந்து கோர்ட்டில் பரப்பினோம். தண்ணீரை உறிஞ்சும் என்று நினைத்தோம். அது சேற்றோடு ஒட்டிக்கொண்டது. பிய்க்கப் பிய்க்க வரவில்லை. தரையெல்லாம் வெள்ளை.

போன தடவை வந்தபோதே அந்தப் படத்தைப் பார்த்திருந்த எதிர் டீம் கேப்டன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

“ஏலே, படத்துல இருந்த ரஷ்யாவ இங்கயே கொண்டாந்துட்டியளா? பனியெல்லாம் பெஞ்சு கெடக்கு.”

மேட்ச் நடக்கவில்லை. மாஸ்கோக்காரர்கள் கூரை போட்டதே அந்தப் பனிக்குப் பயந்துதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.