சுருவில் யன்னலுக்கு வந்த பூநாரைகள்

தவமலர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நாரந்தனையில் ஒரு வீட்டு முற்றத்தில், பக்கவாதத்தில் விழுந்து எழும்பிய ஓர் அம்மாவை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தவமலரின் தங்கை. "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா, மிஸ்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். "என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? நேற்றுப் பின்னேரமும் சுருவில் ஊர் வெளியில நிண்டு எனக்குக் குரல் அனுப்பினவவெல்லோ!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை மெல்லச் சொன்னது: "அக்கா மாரிக்கு முன்னமே படுக்கையில விழுந்திட்டா, மிஸ். வீட்டை விட்டு வெளிய போகவே இல்லை."

அந்த அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு முதல்நாள் வந்த குரல் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "சுருவில் வெளியில பூநாரை இறங்கியிருக்கு. முழங்கால் தண்ணியில நிக்குதுகள். வடிவெண்டா வடிவு." அவருடைய குரல்தான்.

தவமலரை அறிந்த நீங்கள் பலர் அவரைப் பறவை ஆராய்ச்சிக்காரியாகத்தான் அறிவீர்கள். பல்கலைக்கழகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் 'பறவைகளின் தாய்' என்று ஒருவர் சொன்னார். தவம் என்று நான் கூப்பிடும் அவர் உயிரோடு இருந்திருந்தால், சொன்னவரை வெளியில் கூட்டிக்கொண்டுபோய் நல்ல ஏச்சு ஏசியிருப்பார். நான் பறவைக்காரி இல்லை. இயன் மருத்துவர், பிசியோதெரபி செய்பவள். தீவுப் பகுதியில் மாற்றுவலுவுள்ளோருக்கான ஒரு சேவையில், படுக்கையோடு இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். எங்கள் இரண்டு பேருடைய வேலையும் எப்படி ஒன்றானது என்பதைச் சொல்ல இனி நான் ஒருத்திதான் மிச்சம்.

கழுத்தில் தொலைநோக்கியோடு தவம் ஒருநாள் ஊர்காவற்றுறையில் உள்ள என் அறைக்கு வந்தார். "உம்மட படுக்கை நோயாளர் சிலபேரை எனக்குத் தாரும்" என்றார், கத்தரிக்காய் கேட்பது போல. "ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தைப் பாக்கிற கண் எனக்கு வேணும். அவையளுக்கு யன்னல் இருக்கு, நேரம் இருக்கு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்டறியாத ஆராய்ச்சி! என்ர சனம் உமக்குக் கொக்கு எண்ணவோ?" என்றேன். அவர் அசையவில்லை. "அவையளைக் கேட்டுப் பாத்தனீரே?" என்று மட்டும் கேட்டார். சரி, இருப்பவர்களுக்குள்ளே பொல்லாத வாயுள்ள மனிசனிடம் கொண்டுபோய் விடுவோம், அவரே இவரைத் துரத்திக் கலைத்துவிடுவார் என்று சுருவில் குணம் அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

குணம் அண்ணை மேசன். கூரை வேலை செய்யும்போது விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவருடைய கட்டில் இரண்டு யன்னல்களுக்கு நடுவில். ஒரு பக்கம் திரும்பினால் ஆழமில்லாத பரவைக்கடலும் சேற்று வெளியும். மற்றப் பக்கம் திரும்பினால் கிணற்றடியும் முருங்கையும். "எனக்குக் காகமும் கொக்கும்தான் தெரியும், ரீச்சர்" என்றார். "அது காணும், அதுவே போதும்" என்றார் தவம். "பாத்ததைச் சொல்லுங்கோ. பாக்காததைச் சொன்னா எனக்கு விளங்கிப் போம்." அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் தவத்துக்குத் தொலைபேசி எடுத்து, அன்று கண்ட பறவைகளைச் சொல்லத் தொடங்கினார்.

சில மாதம் போனபின் தவம் கோபத்தோடு என்னிடம் வந்தார். "உம்மட குணம் அண்ணை சோம்பேறி. ஒரு கிழமையா மைனாவும் செம்பகமும்தான் சொல்லுறார். வெளி நிறைய நாரை நிக்குது, நான் என்ர கண்ணால பாத்தனான். கடல் பக்கம் ஒண்டையும் சொல்லுறாரில்லை." எனக்கு அப்போதுதான் உறைத்தது. "தவம்," என்றேன், "அந்தாள் தானாத் திரும்பமாட்டார். ஆரும் திருப்பிவிட்டாத்தான் மற்ற யன்னல்." நாங்கள் இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துச் சுருவிலுக்கு ஓடினோம்.

அவருடைய மனைவிக்கு இடுப்புப் பிடித்துப் போயிருந்தது. தண்ணீர் தூக்கவே ஏலாத மனிசி எப்படி அவரைப் புரட்டுவது? ஒரே பக்கத்தில் கிடந்து இடுப்பெலும்பில் புண் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய கிழமைதான் நான் போய், என்ன உதவி வேண்டும் என்று கேட்டிருந்தேன். "ஒரு குறையும் இல்லை, மிஸ்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லித் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். எங்கள் தீவுச் சனம் அப்படித்தான். உயிர் போனாலும் குறை சொல்லாதுகள். நான் புண்ணைக் கழுவிக் கட்டி முடிய வெளியில் வந்தேன். தவம் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றார்.

அதன்பிறகு யார் எந்தப் பறவையைச் சொன்னாலும் அவர் கேட்கும் மறுகேள்வி ஒன்றுதான்: "எந்தப் பக்கத்தால?" இரண்டு நாள் ஒரே பக்கத்துப் பறவை வந்தால் உடனே எனக்குச் செய்தி வரும். நான் ஆள் அனுப்புவேன், அல்லது நானே போவேன். குணம் அண்ணை வீட்டுக்கு நாளாந்தம் ஓர் உதவியாளரைப் பிடித்தது அப்படித்தான். சனம் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காது. செம்பகத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் வரும். இதையே நாங்கள் ஓர் ஆய்வாக எழுதத் தொடங்கியபோது, இது விலங்கியலா சமூக சேவையா என்று பல்கலைக்கழகப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். தவம் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "பறவையும் ஆளும் ஒரே யன்னலிலதான் இருக்கினம். நான் என்ன செய்ய?"

கடைசி மாரியில் அவர் நேரில் வரவே இல்லை. குரல் மட்டும் வரும். "வாருமன், கண்டு கதைப்பம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "பூநாரை போகட்டும், பேந்து வாறன்" என்பார். அந்தச் சேற்று வெளியே கதி என்று கிடக்கிறா என்று நான் எல்லோரிடமும் நையாண்டி பண்ணிக்கொண்டு திரிந்தேன்.

செத்தவீட்டில் அவர் கிடந்த கட்டிலைக் கண்டேன். அந்த அறை யன்னலால் பக்கத்து வீட்டு மதில் மட்டுமே தெரிந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் நான் சுருவிலுக்குப் போனேன். வழியில் வெளியைப் பார்த்ததும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. "இந்த வெயிலுக்குப் பூநாரை எங்க மிஸ், எப்பவோ போட்டுதுகள்" என்றார் ஓட்டோக்காரர். நேற்றுப் போல அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. முழங்கால் தண்ணியில நிக்குதுகள். பாராததைச் சொல்லாத மனிசி, இல்லாத தண்ணீரில் இல்லாத பறவையைக் கண்டிருக்கிறார்.

குணம் அண்ணையின் மனைவி படலை வாசலுக்கே ஓடி வந்தார். "செய்தி கேட்ட நாளில இருந்து கடல் பக்கமே கிடக்கிறார், மிஸ். திரும்பமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். நித்திரையில நான்தான் கொஞ்சம் சரிச்சு விடுறன். உதவிக்கு வாறவரையும் கலைச்சுப்போட்டார்." உள்ளே போனேன். அண்ணை தலை திருப்பவில்லை. "பூநாரையைக் கேக்கத்தானே வந்தனீங்கள்?" என்றார். "ஓம்" என்றேன்.

"படுத்துக்கொண்டு கதைக்கிற குரல் எனக்குத் தெரியாதே, மிஸ்? மாரி தொடங்கேக்கையே பிடிச்சிட்டன். 'ரீச்சர், எந்தப் பக்கத்தால படுத்திருக்கிறியள்?' எண்டு கேட்டன். அழுதிட்டா. பிறகு ஒவ்வொரு நாளும் நான்தான் போனிலயே கேட்டுக் கேட்டுத் திருப்பப் பண்ணினனான். அவவுக்குச் சுவர்தான் தெரியும். நான் கண்டதைச் சொல்லுவன். அதைத்தான் தான் கண்டது மாதிரி உங்களுக்குச் சொன்னவ."

"எனக்கேன் மறைச்சவ?" என்றேன்.

"'அவ ஒருத்திக்காவது நான் இன்னும் வெளியில நிக்கட்டும், அண்ணை' எண்டவ. நீங்கள் வந்து பாத்தா அதுவும் போயிடும் எண்டு பயம்."

"வெளி காய்ஞ்சு கிடக்கு. பூநாரை எங்கால வந்தது?"

"மாசியோட போட்டுதுகள்" என்றார். "அவ ஒவ்வொரு நாளும் கேட்டா. இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நிக்குது எண்டன். முழங்கால் தண்ணியில எண்டன்."

"அவவுக்கு விளங்கியிருக்கும், அண்ணை."

"விளங்காமலே? பறவை ரீச்சரெல்லோ. ஒண்டும் சொல்லேல்லை. 'வடிவே?' எண்டு மட்டும் கேட்டவ. வடிவெண்டா வடிவு எண்டன்." பிறகு யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒருக்கா மெய்யா வரட்டும், மிஸ். பாத்திட்டுத் திரும்புறன். பொய் சொல்லியெல்லோ அவவை அனுப்பினன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கென்ன விசரே? இனி மாரிக்குத்தான் வரும். அதுவரைக்கும் உந்தப் பக்கத்திலயே கிடந்து புண்பிடிச்சு அழுகப் போறியளோ?" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? மனிசன் அசையவில்லை. அவருடைய மனைவி வாசலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. தவம் கேட்பதுபோலவே கேட்டேன்.

"அண்ணை, எந்தப் பக்கத்தால?"

"கடல் பக்கத்தால" என்றார்.

"என்ன நிக்குது?"

"ஒண்டும் இல்லை" என்றார் குணம் அண்ணை. "ஒண்டுமே இல்லை, மிஸ்." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.

அழுது முடியுமட்டும் பார்த்திருந்துவிட்டு, நானும் மனைவியும் அவரைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினோம். இடுப்பில் தோல் சிவந்திருந்தது, நல்ல காலம், உடையவில்லை. கிணற்றடியில் ஒரு செம்பகம் தத்திக்கொண்டிருந்தது. அதை அவர்தான் முதலில் கண்டு சொன்னார்.

எங்கள் ஆய்வை இப்போது நான் ஒருத்தியாக முடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி நாட்களில் கடல் பக்கம் ஒரு பறவையும் இல்லை என்றே எழுதியிருக்கிறேன். தவம் அதைத்தான் விரும்பியிருப்பார். அந்தப் பூநாரைகள் ஆய்வில் இல்லை. அவற்றையும் அந்தக் குரலையும் நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அவருடைய கேள்வியையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பின்னேரமும் வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்கிறேன்.

குணம் அண்ணை என்னிடம் இப்போது உள்ளதை மட்டும் சொல்கிறார். காகம் என்றால் காகம். சொல்லி முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்பார். "சுருவில் வெளியால வந்தனீங்களே, மிஸ்? ஆரும் நிக்கினமே?"

"ஓம் அண்ணை," என்பேன். "தவம் நிக்கிறா."

"வடிவே?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார்.