பல்லு வைத்த பூசணிக்காய்

ஹாலோவீன் என்று பூசணிக்காய்க்குக் கண், மூக்கு வெட்டி, பல்லும் வைத்து வாசலில் குந்தவைப்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் நல்ல காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரைவிட்டு வந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசையில் நம் வாசல் மட்டும் மொட்டையாக இருக்கிறதென்று நான் மூக்கால் அழுததில், அப்பா ஒன்றை வாங்கிவந்தார். கண்ணூறுக்கு உடைக்கிற சாமானுக்கு மூஞ்சி எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். ஒரு கண் பெரிதாகவும் மற்றது பாதி மூடியும் வந்தது. வழித்தெடுத்த சதையை அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினார். வாயில் வைக்க முடியவில்லை. வீணாக்கக் கூடாதென்று தின்றோம்.

அந்த நாட்களில் வீட்டில் சிரிப்புக் குறைவு. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் சண்டை முடிந்தபோது காணாமல் போயிருந்தார். யாராவது திவசம் என்று வாயெடுத்தால் அம்மா எழும்பிப் போய்விடுவார். அவன் எங்கேயோ இருக்கிறான் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அதற்காகச் சொந்த அக்காவோடுகூடக் கதைக்காமல் விட்டவர்.

ஹாலோவீன் அன்று மாலை அப்பா வேலைக்குப் போய்விட்டார். பூசணிக்குள் மெழுகுதிரி கொளுத்தியது அம்மாதான்.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

ரீச்சர் சொன்ன கதை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அயர்லாந்தில் முதலில் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம். இந்தப் பக்கம் வந்தவர்கள், குடைவதற்குச் சுகமென்று பூசணிக்கு மாறினார்களாம். அந்த முகமும் விளக்கும் ஏன் என்பதைத் தமிழில் சொல்லப்போனபோதுதான் பேய் என்ற சொல் வாயில் வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அம்மா சிரித்திருப்பார்.

"இண்டைக்குச் செத்த ஆக்கள் தங்கட வீட்டுக்குத் திரும்பி வருவினமாம். இந்த முகத்தைக் கண்டால் பயந்து ஓடிடுவினமாம்."

அம்மா பூசணியைப் பார்த்தபடி நின்றார்.

"தூரத்திலை செத்த ஆக்களும் வருவினமோ?"

"ஓம், எங்கை இருந்தும் வருவினம்" என்றேன். ரீச்சர் அப்படிச் சொல்லவில்லை. தெரியாதென்று சொல்ல எனக்கு வெட்கம்.

அம்மா குனிந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தார். பூசணியைத் தூக்கிக் குசினிக்குள் வைத்தார். குளிர் அடிக்க அடிக்கக் கதவை அகலத் திறந்துவிட்டு, படியில் போய்க் குந்தினார். வேடம் போட்டு வீடு வீடாகச் சொக்லேற் கேட்டு வந்த பிள்ளைகள் விளக்கில்லாத எங்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கென்று வைத்த சொக்லேற் கிண்ணம் அப்படியே இருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவும் அழுதார். எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். தன் தம்பி செத்துப்போனான் என்று அவர் முதல் முறையாக ஒப்புக்கொண்ட மாலை அது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.