கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவரால் மின்சார ரயிலில் ஏற முடியாது. திருநின்றவூரிலிருந்து பிசியோதெரபிக்குப் போக ஒரு பழைய கார் வாங்கியே ஆக வேண்டும். முன்பெல்லாம் தெரிந்தவர் வண்டியாகப் பார்த்து வாங்குவோம். இப்போதோ போனில் ‘நேரடி ஓனர்’ என்று போட்டிருக்கும் எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் புரோக்கர்தான் எடுக்கிறார். அலைந்து அலைந்து அழுதே விட்டேன்.

கடைசியாக முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது.

“எங்கப்பா ஓட்டுன வண்டிக்கா. மனசே இல்லாமத்தான் குடுக்குறேன்” என்றார் விற்க வந்தவர்.

நம்ம ஆள் என்று நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சீட்டில் உட்கார்ந்து பார்த்த கணவருக்கு வியர்க்க, துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தேன். உள்ளே ஒரு குட்டிப் பிள்ளையார், பிறை போட்ட ஸ்டிக்கர், கவர் பிரிக்காத இன்னொரு ஜெபமாலை.

“என்னங்க இது?”

“கோச்சுக்காதக்கா. போன்ல உன் பேரு ஸ்டெல்லான்னு சொன்னியே, அதான் இத்த மாட்னேன். வண்டி நல்லாத்தான் கீது.”

அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். இப்போது பெயர் சொல்லாமல்தான் விசாரிக்கிறேன். மெக்கானிக் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. கார் இன்னும் அமையவில்லை. ஜெபம் செய்ய மாலையைக் கையில் எடுத்தாலே அந்த டேஷ்போர்டுதான் கண்முன் வருகிறது.